மோர்வானில் மூன்று பாதை: கால்வாயா, ஏரிகளா, காடா?

பிரான்ஸின் பூர்கோஞ் பகுதியிலுள்ள மோர்வான் மலைக்காட்டுக்கு முதல் முறை போனபோது சைக்கிள் என்னைச் சுமந்ததைவிட நான் அதைச் சுமந்ததுதான் அதிகம். அக்டோபர் கடைசி. முந்தின வாரம் முழுக்க மழை. டயரின் அகலம் 38 மில்லிமீட்டர். வரைபடத்தில் அந்தக் காட்டுப்பாதை புள்ளிக் கோடாக, பார்க்கச் சாதுவாக, 55 கிலோமீட்டர் நீளத்துக்கு இருந்தது. கால்வாய்க் கரையில் அந்தத் தூரத்தை மதியச் சாப்பாட்டுக்குள் முடித்துவிடலாம். அன்று இருட்டியும் முடியவில்லை. மரம் இழுக்கும் இயந்திரங்கள் உழுதுவிட்டுப் போன தடத்தில் முழங்கால் வரை சேறு. சங்கிலியில் பைன் ஊசிகள் சிக்கி, கியர் மாற மறுத்து, கடைசி எட்டுக் கிலோமீட்டரைத் தார்ச்சாலைக்கு ஓடிவந்து முடித்தேன்.

அதற்குப் பிறகு இரண்டு முறை வேறு வழிகளில் போய்வந்தேன். பாரிஸிலிருந்து மூன்று நாள் விடுப்பில் கிராவல் சைக்கிளோடு (சரளைப் பாதையிலும் ஓடும், வளைந்த கைப்பிடிச் சைக்கிள்) எங்கே போகலாம் என்று கேட்கும் நண்பர்களுக்கு இப்போது மோர்வானைத்தான் சொல்கிறேன். ஆனால் உடனே ஒரு கேள்வியும் கேட்கிறேன்: எந்த மோர்வான்?

பூர்கோஞ் (ஆங்கிலத்தில் பர்கண்டி) என்றதும் எல்லோருக்கும் திராட்சைத் தோட்டம் நினைவுக்கு வரும். அந்தப் பகுதியின் நடுவே கருங்கல் மேடாக எழும்பி நிற்கும் மோர்வானுக்குள் திராட்சை கிடையாது. காடு, புல்வெளி, வெள்ளை வெளேரென்ற ஷரோலே மாடுகள், ஊருக்கு ஊர் நீண்ட இடைவெளி, இவைதான் உண்டு. மிக உயர்ந்த இடமான ஓ-ஃபோலன் 901 மீட்டர்தான். ஆல்ப்ஸ் மலையேறிகள் சிரிப்பார்கள். ஆனால் இங்கே ஒரே பெரிய ஏற்றம் இல்லை. நூறு மீட்டர் ஏறி, எண்பது மீட்டர் இறங்கி, மறுபடி நூறு ஏறும் பாதை. நாள் முடிவில் தொடைக்குத்தான் கணக்குத் தெரியும். மேற்கிலிருந்து வரும் அட்லாண்டிக் மேகத்துக்கு வழியில் கிடைக்கும் முதல் தடுப்பு இந்த மேடு. அதனால் உச்சிப் பகுதியில் ஆண்டுக்கு 1,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டுகிறது. மோர்வானிலிருந்து நல்ல காற்றும் வராது, நல்ல மனிதரும் வரார் என்று அக்கம்பக்கத்து ஊர்களில் ஒரு பழைய சொலவடை உண்டு. இரண்டாம் பாதி வெறும் பொறாமை. முதல் பாதிக்கு நானே சாட்சி.

தேர்வுக்கு மூன்று வழிகள் இருக்கின்றன. ஒன்று, மேற்கு ஓரமாகப் போகும் நிவெர்னே கால்வாய்க் கரை. இரண்டு, நடுவிலுள்ள ஏரிகளைக் கோத்துக்கொண்டு போகும் வழி. மூன்று, அவலோனிலிருந்து ஓத்தன் வரை காட்டுக்குள் போகும் ‘மோர்வான் பெரும் கடப்பு’ என்ற மலைச் சைக்கிள் பாதை. மூன்றையும் உண்டாக்கியது ஒரே பசிதான்: பாரிஸின் அடுப்பு. பதினாறாம் நூற்றாண்டிலிருந்து பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை பாரிஸுக்கு வேண்டிய விறகின் பெரும்பகுதி இந்த மலையிலிருந்து ஆற்றில் மிதந்து போயிற்று. கால்வாய் வெட்டத் தொடங்கியதும் விறகுக்காக. செத்தோன் ஏரிக்கு அணை கட்டியதும் விறகை மிதக்கவிடத் தண்ணீர் வேண்டும் என்பதற்காக. இன்று காட்டுக்குள் சரளைச் சாலை போடுவதும் மரம் வெட்டும் லாரிக்காகத்தான். நமக்காக யாரும் எதையும் போடவில்லை. இதை மனதில் வைத்துக்கொண்டால் எந்தப் பாதை எப்படி நடந்துகொள்ளும் என்பதைப் பாதி ஊகித்துவிடலாம்.

கால்வாயை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அதைப் பற்றிச் சொல்வது எளிது. ஓஸேர் நகரிலிருந்து லுவார் நதிக்கரையில் தெசீஸை ஒட்டியுள்ள சேன்-லெஜே-தே-வீன் வரை 174 கிலோமீட்டர். வேலை 1784இல் தொடங்கியது, புரட்சி குறுக்கிட்டது, முழுவதும் திறக்க 1840களாயிற்று. படகைக் குதிரையும் மனிதரும் கயிறு கட்டி இழுத்த கரைதான் இன்று சைக்கிள் பாதை. இழுக்கிறவர் தடுக்கி விழக்கூடாது என்று சமமாகப் போட்ட பாதை என்பதால் ஏற்றம் என்ற பேச்சே இல்லை. சில பகுதி தார், சில பகுதி இறுகிய சரளை, தெற்கே போகப் போகப் புல்லும் மண்ணும். 32 மில்லிமீட்டர் டயர் போதும்.

ஓஸேரிலிருந்து கிளாம்சி வரை சுமார் 60 கிலோமீட்டர். நடுவில் சோசுவா சுண்ணாம்புப் பாறைகள் யோன் நதியின் மேல் செங்குத்தாக நிற்கின்றன. பாறை ஏறுபவர்கள் பல்லிபோல் ஒட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்தபடி ரொட்டியைக் கடிக்கலாம். கிளாம்சிதான் விறகு மிதப்போரின் தலைநகரம். மேலே மலையில் ஓடையில் தனித்தனியாக எறிந்த கட்டைகளை இங்கே பிடித்து, உரியவர் முத்திரை பார்த்துப் பிரித்து, பெரிய தெப்பமாகக் கட்டிப் பாரிஸுக்கு ஓட்டிக்கொண்டு போனார்கள். பாலத்தின் மேல் அந்தத் தெப்பக்காரருக்குச் சிலையும் இருக்கிறது. பாலத்தின் பெயர் பெத்லஹேம். புனித நாட்டை இழந்த பெத்லஹேம் பிஷப்புகள் இந்தச் சின்ன ஊரில் அடைக்கலம் புகுந்து, பிரெஞ்சுப் புரட்சி வரைக்கும் அந்தப் பட்டத்தோடேயே இங்கே வாழ்ந்தார்களாம். சைக்கிளை நிறுத்திவிட்டு ஒரு காபி குடித்துக்கொண்டே யோசிக்க வேண்டிய சங்கதி.

கிளாம்சிக்கு அப்பால் சர்தியில் அடுத்தடுத்துப் பதினாறு நீர்ப்பூட்டுகள் (தண்ணீரை அடைத்துப் படகை ஏற்றி இறக்கும் மதகுகள்), படிக்கட்டு போல. அதற்கு மேலே கொலான்செல் சுரங்கங்கள். மூன்றில் பெரியது 758 மீட்டர். படகு உள்ளே போகும். நாம் மேலே மரங்களுக்கிடையே சுற்றிப் போகவேண்டும். கால்வாய் முழுவதிலும் ஓரளவுக்காவது ஏற்றம் என்று சொல்லத்தக்க இடம் இதுதான். இறங்கினால் பே ஏரி. கால்வாயின் மிக உயரமான புள்ளி அங்கே இருக்கிறது. பிறகு தெசீஸ் வரை இறக்கம்.

இந்த வழியின் குறையையும் சொல்லிவிடுகிறேன். இரண்டாம் நாள் மதியத்துக்கு மேல் சலிக்கிறது. தண்ணீர், மரவரிசை, பூட்டுக்காரர் வீடு, மறுபடி தண்ணீர். குழந்தைகளோடு போகிறவருக்கும், முதல் முறை பை கட்டிக்கொண்டு நெடும்பயணம் போகிறவருக்கும், மழை வாரத்தில் மாட்டிக்கொண்டவருக்கும் இதைவிட நல்லது கிடையாது. ஆனால் கிராவல் சைக்கிளைக் காசு கொடுத்து வாங்கிவிட்டு இதில் மட்டும் ஓட்டுவது, ஜல்லிக்கட்டுக் காளையை வண்டியில் பூட்டுவது போல. இன்னொன்று: இது உண்மையில் மோர்வானின் விளிம்புதான். கருங்கல் மேட்டைத் தூரத்தில் நீல நிறத்தில் பார்த்துக்கொண்டே போய்விடுவீர்கள்.

ஏரி வழிக்கு வருகிறேன். மூன்றில் எனக்குப் பிடித்தது இதுதான் என்பதை மறைக்கப் போவதில்லை.

பாரிஸ் பெர்சி நிலையத்திலிருந்து கிளம்பும் பிராந்திய ரயிலின் ஒரு கிளை கிளாம்சி வழியாகக் கோர்பின்யியில் முடிகிறது. கோர்பின்யியில் இறங்கி, கால்வாய்க் கரையில் சர்தி படிகளை ஏறிப் பே ஏரிக்கு வந்தால், அங்கே தெற்கே திரும்பாதீர்கள். கிழக்கே, யோன் ஊட்டு வாய்க்காலைப் பிடியுங்கள். கால்வாயின் உச்சிப் புள்ளியில் தண்ணீர் வற்றிவிடாமல் இருக்க, யோன் நதியிலிருந்து தண்ணீரைக் கொண்டுவரும் சின்ன வாய்க்கால் இது. மலைச் சரிவைத் தடவித் தடவி, வளைந்து நெளிந்து, இருபத்தைந்து கிலோமீட்டருக்குச் சற்று மேல் வருகிறது. தண்ணீர் தானாக வழிந்தோட எவ்வளவு சரிவு வேண்டுமோ அவ்வளவுதான் சரிவு. ஆகவே நாம் எதிர்த் திசையில் போனாலும் காலுக்கு ஏறுவது தெரியவே தெரியாது. கண்மாய்க் கரையில் சைக்கிள் ஓட்டி வளர்ந்தவர்களுக்கு இந்தப் பாதை உடனே பழகிவிடும்: ஒரு பக்கம் தண்ணீர், ஒரு பக்கம் சரிவு, நடுவே ஒற்றையடி மண், மேலே ஓக் நிழல். மொந்த்ரேயோன் ஊரருகே பள்ளத்தாக்கு குறுக்கே வர, 33 மீட்டர் உயரக் கல் வளைவுப் பாலத்தின் மேல் வாய்க்காலே தாண்டிப் போகிறது. கீழே நின்று அண்ணாந்து பார்த்தால், இத்தனை பெரிய கல்வேலை இந்த ஒரு கீற்றுத் தண்ணீருக்கா என்று தோன்றும்.

வாய்க்கால் முடியும் இடம் பான்சியேர் ஏரி. மோர்வானின் மிகப் பெரிய ஏரி இது. அணை 1949இல் முடிந்தது. இதுவும் பாரிஸுக்காகத்தான். குளிர்காலத்தில் செய்ன் நதி பெருக்கெடுக்காமல் தண்ணீரைப் பிடித்து வைத்து, கோடையில் நதி மெலியும்போது திறந்துவிடுவார்கள். அதனால் இலையுதிர்காலத்தில் போனால் ஏரியைத் தேட வேண்டியிருக்கும். சேற்றுத் திட்டும் அடிமரக் கட்டைகளும்தான் கண்ணில் படும். படத்தில் பார்த்த நீல ஏரிக்கு ஆசைப்பட்டுப் போகிறவர் மே, ஜூனில் போகட்டும்.

பான்சியேரிலிருந்து செத்தோன் ஏரி இருபது கிலோமீட்டருக்குச் சற்று மேல்தான். ஆனால் அது இருநூற்றைம்பது மீட்டருக்கு மேல் உயரத்தில், சுமார் 580 மீட்டரில் இருக்கிறது. இந்த வழியின் மெய்யான உழைப்பு இந்த அரை நாளில்தான். சின்னத் தார்ச்சாலையையும் சரளைக் காட்டுச் சாலையையும் மாற்றி மாற்றிப் பிடித்து ஏறவேண்டும். முன்பல்லும் பின்பல்லும் சமமாக வரும் அளவுக்குக் கியர் இல்லையென்றால் இறங்கித் தள்ளுவீர்கள். வழியில் வரும் பிளாஷே, மோந்சோஷ் இரண்டு ஊர்களிலும் பழைய வீடு அதிகம் தென்படாது. காரணம் உண்டு. ஜூன் 1944இல், காட்டுக்குள் ஒளிந்திருந்த எதிர்ப்புப் படையினருக்குப் பழிவாங்க ஜெர்மன் படை இரண்டையும் கொளுத்தியது. அதே நாட்களில் பக்கத்து தன்-லே-பிளாஸ் ஊரில் 27 ஆண்களைச் சுட்டுக் கொன்றார்கள். சேன்-பிரிசோனில் 1970இல் அமைந்த மோர்வான் வட்டாரப் பூங்காவின் தலைமையகமும் எதிர்ப்பு இயக்க அருங்காட்சியகமும் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. வழித்தட வரைபடம் வாங்கப் போகிறவர் ஒரு மணி நேரம் கூட்டி வைத்துக்கொள்ளலாம்.

செத்தோனில் இரவு தங்குவதில் சிக்கலில்லை. முகாம் மைதானங்கள், விடுதிகள், கோடையில் படகு, கூட்டம், ஐஸ்கிரீம் எல்லாம் உண்டு. ஜூலை, ஆகஸ்டில் எனக்கு அது கொஞ்சம் அதிகம். மறுநாள் காலையில் ஏரியை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வடக்கே சேன்-தான்யான் ஏரிக்கும், பிறகு காரே-லே-தோம்புக்கும் இறங்குங்கள். அந்த ஊர்த் தேவாலயத்தைச் சுற்றி நூறுக்கும் மேற்பட்ட கல் சவப்பெட்டிகளும் மூடிகளும் குவிந்து கிடக்கின்றன. போர்க்களமா, கல்தச்சர் கிட்டங்கியா என்று இன்றும் வாதம் நடக்கிறது. அங்கிருந்து அவலோன் நிலையத்துக்குப் பெரும்பாலும் இறக்கம். கால் இன்னும் சொன்ன பேச்சைக் கேட்டால் மேற்கே வெஸலே குன்றுக்கு ஒரு திருப்பம் போடலாம். 1979 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கும் அந்தத் தேவாலயத்தின் முன் சைக்கிள் செருப்போடு டக் டக்கென்று நடப்பது மட்டும் கொஞ்சம் கூச்சமாக இருக்கும்.

இந்த வழிக்கு 40 மில்லிமீட்டர் டயர் அளவானது. ஒரே நாளில் தார், சரளை, புல், கருங்கல் மணல் நான்கும் மாறி மாறி வருவதால் மனம் தூங்குவதில்லை. மழை வந்தால் எந்த இடத்திலும் இரண்டு மூன்று கிலோமீட்டருக்குள் தார்ச்சாலைக்குத் தப்பிவிடலாம் என்பதுதான் எனக்கு இதன் பெரிய பலம். குறை என்றால், முழுவதற்கும் ஒரே பெயரில் பலகை கிடையாது. யாரோ நட்டுவைத்த அம்புக்குறியைப் பின்தொடர்ந்து போக முடியாது. வழியை நீங்களே வரைந்து கைப்பேசியில் ஏற்றிக்கொள்ள வேண்டும். காட்டுக்குள் சிக்னல் வராது என்பதால் வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வைத்துவிடுங்கள்.

மூன்றாவது, காடு. ‘பெரும் கடப்பு’ வழிக்குப் பலகைகள் உண்டு, புகழ் உண்டு. பெயரைக் கேட்டதுமே தோளைத் தட்டிக்கொள்ளத் தோன்றும். ஆனால் அது மலைச் சைக்கிளுக்காக வகுத்த வழி. இதை ஏன் இத்தனை பேர் காதில் போட்டுக்கொள்வதில்லை என்று எனக்குப் புரியவில்லை, நானும் போட்டுக்கொள்ளவில்லை. கருங்கல் உருண்டைகள் வேரோடு பின்னிக் கிடக்கும் இறக்கத்தில் வளைந்த கைப்பிடியில் தொங்கிக்கொண்டு இறங்குவது வீரமில்லை, மணிக்கட்டு வலி.

அதோடு காடும் மாறிக்கொண்டிருக்கிறது. பழைய பீச், ஓக் மரங்களை வெட்டிவிட்டு, இரண்டாம் உலகப் போருக்குப் பின் வந்த தலைமுறைகள் டக்ளஸ் ஃபிர் என்ற ஊசியிலை மரத்தை வரிசை வரிசையாக நட்டன. அது இப்போது வெட்டும் பருவத்தில் இருக்கிறது. ஒரு மலைச்சரிவு முழுவதையும் ஒரே மூச்சில் மொட்டையடிக்கிறார்கள். உள்ளூர்க்காரர்களில் ஒரு பகுதி இதை எதிர்த்துப் பல ஆண்டுகளாகப் போராடுகிறது. சிலர் கூட்டாகப் பணம் போட்டுக் காட்டுத் துண்டுகளை வாங்கிக் காக்கிறார்கள். சைக்கிள்காரனுக்கு இதன் பொருள், போன ஆண்டு நிழலாக இருந்த பாதை இந்த ஆண்டு வெயிலில் கிடக்கலாம், அல்லது பாதையே இல்லாமல் போகலாம். வெட்டும் இடத்தில் தடுப்பு போட்டிருந்தால் சுற்றிப் போங்கள். வாரக்கடைசிதானே, யார் பார்க்கப் போகிறார்கள் என்று நுழையாதீர்கள். செப்டம்பர் நடுவிலிருந்து பிப்ரவரி முடிவு வரை வேட்டைப் பருவம் வேறு. ஞாயிற்றுக்கிழமை பன்றி வேட்டைப் பலகையைப் பார்த்தால் திரும்பிவிடுவது உத்தமம். ஆரஞ்சு மேலாடை அணிவதில் வெட்கம் வேண்டாம்.

இத்தனைக்கும் பிறகு இந்த வழியை முழுக்கத் தள்ளிவிட மனமில்லை. அதன் தென்பாதிக்காக. அனோஸ்த் பக்கத்துக் காடுகளும் ஓ-ஃபோலன் சரிவும் தாண்டி போவ்ரே மலைக்கு வருகிறீர்கள். 821 மீட்டர். ரோமர் ஆட்சிக்கு முன் இந்த நாட்டில் வாழ்ந்த கோல் மக்களில் எதுவி இனத்தாரின் தலைநகரமான பிப்ராக்ட் அதன் மேல் இருந்தது. கி.மு. 52இல் கோல் இனங்கள் வெர்சேன்ஜெத்தோரிக்ஸைத் தங்கள் படைத்தலைவனாக உறுதிசெய்தது இங்கேதான். அவனைத் தோற்கடித்த பிறகு சீசர் குளிர்காலத்தைக் கழித்ததும் இங்கேதான். பிறகு ரோமர்கள் கீழே ஓத்தனைக் கட்ட, மக்கள் இறங்கிப் போய்விட்டார்கள். நகரத்தைக் காடு விழுங்கிவிட்டது. இன்று முறுக்கிய பீச் மரங்களுக்கு நடுவே அகழாய்வுக் குழிகள். முடிவில்லாத அந்த அமைதிக்காக ஒரு நாள் சேற்றில் புரண்டாலும் தகும் என்று தோன்றிய நேரமும் உண்டு.

எனவே கிராவல் சைக்கிள்காரருக்கு என் யோசனை: பலகை வழியை விட்டுவிடுங்கள். அதற்குப் பக்கத்திலேயே போகும் சரளை லாரிச் சாலைகளைப் பிடித்துத் தென்பாதியை மட்டும் ஓட்டுங்கள். ஷாத்தோ-ஷினோனில் தொடங்கலாம். பின்னாளில் ஜனாதிபதியான மித்தெரான் 1959 முதல் 1981 வரை மேயராக இருந்த ஊர். நகர மன்றத்தின் முன் பல வண்ணப் பொம்மைகள் சுழலும் நீரூற்று, அந்தச் சாம்பல்நிற ஊருக்குச் சற்றும் பொருந்தாமல், ஆனந்தமாக நிற்கிறது. போவ்ரேயில் ஏறி, எதாங்-சூர்-அரூ நிலையத்தில் இறங்கி ரயில் பிடிக்கலாம். 45 மில்லிமீட்டர் டயர், ட்யூப்லெஸ், இரண்டு வாரம் மழையில்லாத ஆகஸ்ட் கடைசி. இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் ஏரி வழிக்கே திரும்பிவிடுங்கள்.

சாப்பாடும் தண்ணீரும் தேர்வை மாற்றும் என்பதையும் சொல்ல வேண்டும். கால்வாயில் பல ஊர்கள் படகுக்காரருக்காகக் கடை வைத்திருக்கின்றன. ஏரி வழியில் அரை நாளுக்கு ஒரு கடை என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். காட்டில் கையிலிருப்பதுதான் கடை. மதியம் பன்னிரண்டிலிருந்து இரண்டு வரையும், திங்கட்கிழமை பெரும்பாலும் முழு நாளும், கதவடைப்பு. உள்ளூர்ப் பலகாரமான கிராபியோ என்ற தடித்த தோசை பன்றிக்கொழுப்பில் ஊறியது. சைவர்கள் முன்பே கேட்டுவிடுங்கள், அல்லது பையில் புளியோதரை வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் நாளும் கெடாமல் இருந்ததற்கு நான் உத்தரவாதம். தண்ணீருக்கு ஒரு வழி: ஊர்க் கல்லறைத் தோட்டம். பூச்செடிக்கென்று குழாய் இருக்கும். ‘குடிக்கத் தகாதது’ என்ற பலகை இல்லையென்றால் பிரெஞ்சுச் சைக்கிள்காரர் எல்லோரும் அங்கேதான் நிரப்புகிறார்கள். மாலையில் முழங்காலின் பின்பக்கத்தில் உண்ணி இருக்கிறதா என்று பார்க்க மறக்காதீர்கள். புல்வழி எல்லாவற்றிலும் அது உண்டு.

வருகிற ஜூனில் நான்கு பேராகப் போகிறோம். இருவர் புதியவர்கள். முதல் நாள் கோர்பின்யியிலிருந்து வாய்க்கால், இரண்டாம் நாள் செத்தோன், மூன்றாம் நாள் அவலோன். மழை பிடித்துக்கொண்டால் பே ஏரியில் முடிவெடுப்போம்: கிழக்கே திரும்பாமல் கால்வாயோடேயே தெசீஸுக்கு இறங்கிவிடலாம், அங்கும் ரயில் நிலையம் இருக்கிறது. அவலோனிலிருந்து ஞாயிறு மாலை ரயிலில் மட்டும் வரமாட்டோம். சைக்கிள் மாட்டும் கொக்கிகள் குறைவு. மோர்வானுக்குப் போன பாரிஸ்காரர் அத்தனை பேரும் அதே பெட்டியில்தான் ஏறுவார்கள்.